விம்பிள்டன் காமன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லண்டனில் விம்பிள்டன், டூட்டிங், நியூ மால்டன் பக்கம் குடியிருக்கும் நம்மவர்கள் பலருக்கு விம்பிள்டன் காமன் என்றால் ஞாயிற்றுக்கிழமை நடைக்குப் போகிற இடம். பராமரிப்பது கவுன்சில் என்றுதான் பெரும்பாலோர் நினைத்திருக்கிறார்கள். அக்கம்பக்கத்தாரும் தெரிந்தவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். நான் காமனுக்கென்று வசூலிக்கும் லெவி என்ற வரியைக் கட்டுகிறவன், குளிர்காலத்தில் புதர் வெட்டப் போகிறவன். அமைப்பின் பேச்சாளன் அல்ல. எங்காவது கருத்துச் சொல்லியிருந்தால் அது என்னுடைய கருத்து மட்டுமே.

காமன் என்பது பார்க்தானே?

இல்லை. பார்க்குக்கு வேலி உண்டு, பூப்பாத்தி உண்டு, பல பார்க்குகளை இருட்டியதும் பூட்டிவிடுவார்கள். காமனுக்கு வாசலே கிடையாது. எந்தப் பக்கத்திலிருந்தும் நுழையலாம், எந்த நேரத்திலும் நடக்கலாம்.

நம் ஊர் மேய்ச்சல் புறம்போக்கை நினைத்துக்கொண்டால் பாதி புரிந்துவிடும். வித்தியாசம் என்னவென்றால், இங்கே மண் அரசாங்கத்துடையதாக இருக்கவில்லை. ஜமீன்தார் போன்ற ஒரு பிரபுவின் சொத்து அது. ஆனால் அதில் மாடு மேய்க்கவும், விறகும் புதரும் வெட்டிக்கொள்ளவும் சுற்றுவட்டார ஊர்க்காரர்களுக்குப் பரம்பரை உரிமை இருந்தது. சொந்தம் ஒருவருக்கு, பாத்தியதை பலருக்கு. இங்கிலாந்தில் இப்படி இருந்த நிலங்களில் பெரும்பகுதி 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் வேலி போடப்பட்டுத் தனியார் கைக்குப் போய்விட்டது. தப்பித்தவற்றில் இது ஒன்று.

எவ்வளவு பெரியது?

விம்பிள்டன் காமன், பட்னி ஹீத், பட்னி லோயர் காமன் மூன்றும் சேர்த்துச் சுமார் 1,140 ஏக்கர், அதாவது 460 ஹெக்டேர். முதல் இரண்டும் ஒட்டிக் கிடக்கின்றன. லோயர் காமன் மட்டும் தேம்ஸ் நதிப் பக்கமாகத் தனியே இருக்கிறது. மெர்ட்டன், வான்ட்ஸ்வொர்த், கிங்ஸ்டன் என்று மூன்று கவுன்சில்களின் எல்லைக்குள் நிலம் பரவியிருக்கிறது.

அப்படியானால் மூன்று கவுன்சிலும் சேர்ந்துதான் பார்க்கின்றனவா?

ஒரு கவுன்சிலும் பார்ப்பதில்லை. விம்பிள்டன் அண்ட் பட்னி காமன்ஸ் கன்சர்வேட்டர்கள் என்ற அமைப்பு பார்க்கிறது. அது நாடாளுமன்றச் சட்டத்தால் 1871-ல் உருவானது. பதிவு பெற்ற தொண்டு நிறுவனமாகவும் இருக்கிறது. கன்சர்வேட்டர்கள் எட்டுப் பேர். ஐவரைச் சுற்றுவட்டாரத்து லெவி செலுத்துவோர் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். மீதி மூவரை அரசு நியமிக்கிறது: உள்துறை, பாதுகாப்பு, சுற்றுச்சூழல் அமைச்சகங்களிலிருந்து ஆளுக்கு ஒருவர்.

நடைப் பாதைக்கும் பாதுகாப்பு அமைச்சகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். அந்தக் காலத்தில் இங்கே துப்பாக்கிச் சுடும் மைதானம் இருந்தது, தன்னார்வப் படைகள் அணிவகுத்தன. அதனால் போர்த்துறைக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். சுடுவது நின்று நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது, நாற்காலி இன்னும் இருக்கிறது. இந்த நாட்டில் இப்படித்தான்.

இப்படி ஒரு ஏற்பாடு எப்படி வந்தது?

இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

1864-ல் காமனின் மேனர் பிரபு, அதாவது மண்ணின் சொந்தக்காரர், ஐந்தாம் ஏர்ல் ஸ்பென்சர். இளவரசி டயானா பிறந்த அதே ஸ்பென்சர் குடும்பம். அவர் ஊர்க்காரர்களைக் கூட்டி ஒரு திட்டத்தை முன்வைத்தார். பட்னி ஹீத் பக்கத்தை வீடு கட்ட விற்றுவிடுவது. அந்தப் பணத்தில் மிச்சமுள்ள நிலத்துக்கு வேலி போட்டுப் பூங்காவாக்குவது. காற்றாலையை இடித்துவிட்டு அந்த இடத்தில் தனக்கு ஒரு மாளிகை கட்டிக்கொள்வது. சொன்ன காரணம் என்னவோ நல்லெண்ணமாகத்தான் இருந்தது: இடம் முழுக்கச் சேறும் சகதியும், நாடோடிகள் வந்து தங்குகிறார்கள், ஒழுங்குபடுத்தினால் எல்லோருக்கும் நல்லது.

முதலில் சிலர் தலையாட்டினார்கள். பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். வேலி போட்டபின் உள்ளே விடுவதும் விடாததும் யார் கையில்? விம்பிள்டனில் வசித்த செல்வந்தர் ஹென்றி பீக் தலைமையில் எதிர்ப்பு திரண்டது. கமிட்டி அமைத்தார்கள், பணம் திரட்டினார்கள், நாடாளுமன்றத் தேர்வுக்குழு முன் சாட்சி சொன்னார்கள், வழக்கும் போட்டார்கள். அதே சமயத்தில், 1865-ல், லண்டனைச் சுற்றியுள்ள பொதுநிலங்களைக் காக்க காமன்ஸ் பிரிசர்வேஷன் சொசைட்டி தொடங்கியது. மறு ஆண்டே தலைநகர் வட்டாரத்துப் பொதுநிலங்களைப் பற்றி ஒரு சட்டமும் வந்தது. காற்று மாறிவிட்டதைக் கண்ட ஸ்பென்சர் கடைசியில் சமரசத்துக்கு இறங்கினார்.

சமரசம் இதுதான்: அவர் காமன் மீதான உரிமையைக் கன்சர்வேட்டர்களிடம் விட்டுவிடுவார். அதிலிருந்து அவருக்கு வந்துகொண்டிருந்த வருமானத்துக்கு ஈடாக ஆண்டுக்கு 1,200 பவுண்டு அவர் குடும்பத்துக்குப் போகும். அந்தப் பணமும் பராமரிப்புச் செலவும் காமனைச் சுற்றிக் குடியிருப்பவர்களிடமிருந்து வசூலிக்கப்படும். 1871 ஆகஸ்டில் சட்டம் நிறைவேறியது.

இதில் எனக்குப் பிடித்தது என்னவென்றால், யாரும் தியாகி வேஷம் போடவில்லை. பிரபு இலவசமாகக் கொடுக்கவில்லை, ஊரார் இலவசமாகக் கேட்கவும் இல்லை. பேரம் பேசினார்கள், விலை படிந்தது, எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். அதனாலேயே நிலைத்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

அந்தச் சட்டம் என்ன சொல்கிறது?

சுருக்கமாக மூன்று கட்டளை. காமனை எப்போதும் திறந்ததாக, வேலியின்றி, கட்டடமின்றி வைத்திருக்க வேண்டும். அதன் இயற்கைத் தோற்றத்தை இயன்றவரை காக்க வேண்டும். மக்களின் உடற்பயிற்சிக்கும் பொழுதுபோக்குக்கும் பயன்பட விட வேண்டும்.

மூன்றும் ஒன்றோடொன்று இடிக்கும். ஓடுபவருக்குச் சேறில்லாத பாதை வேண்டும். இயற்கைத் தோற்றம் கெடாமல் எத்தனை பாதைக்குச் சரளை கொட்டுவது? கன்சர்வேட்டர் கூட்டங்களில் நடக்கும் வாக்குவாதங்களில் பாதி இந்த இடிப்பிலிருந்து கிளம்புபவைதான்.

கவுன்சில் வரி பில்லில் காமனுக்கென்று ஒரு தொகை இருக்கிறதே, அது ஏதாவது மோசடியா?

மோசடி இல்லை, அதுதான் லெவி. காமனின் எல்லையிலிருந்து முக்கால் மைலுக்குள் இருக்கும் வீடுகளும், பழைய பட்னி பாரிஷ் எல்லைக்குள் இருக்கும் வீடுகளும் அதைக் கட்ட வேண்டும். கவுன்சில் வசூலித்துக் கன்சர்வேட்டர்களிடம் கொடுத்துவிடும். தொகை வீட்டின் கவுன்சில் வரிப் பட்டையை (பேண்ட்) பொறுத்தது. பெரும்பாலான வீடுகளுக்கு ஆண்டுக்குச் சில பத்துப் பவுண்டுதான் வரும். விருப்பம் இருந்தால் கட்டலாம் என்ற சமாச்சாரம் இல்லை, சட்டப்படியான வரி.

எஃப்ரா ரோட்டில் கணபதி கோயிலைச் சுற்றி இருப்பவர்கள் முகவரியில் விம்பிள்டன் என்று இருந்தாலும் அந்த முக்கால் மைலுக்கு வெளியே இருக்கிறார்கள். டூட்டிங், நியூ மால்டன் ஹை ஸ்ட்ரீட் பக்கமும் அப்படியே. கிங்ஸ்டன் வேல் பக்கம் வீடு வாங்கியவர்கள் பில்லைப் பாருங்கள், கட்டாயம் இருக்கும்.

பக்கத்துத் தெருவுக்கு லெவி இல்லை, எனக்கு மட்டும் உண்டு. நியாயமா?

நியாயமில்லைதான். 1871-ல் கோடு போட்டவர்கள் நடந்து போகக்கூடிய தூரத்தை மனதில் வைத்துப் போட்டார்கள். அப்போது காமனைப் பயன்படுத்தியவர்கள் பெரும்பாலும் சுற்றி வாழ்ந்தவர்கள். இன்று காரில் ஒரு மணி நேரம் வந்து நாயை அவிழ்த்துவிடுகிறவரும் உண்டு, அவர் ஒரு பென்னி கட்டுவதில்லை.

ஆனால் இந்தக் கோணல் கோடுதான் காமனைக் காப்பாற்றிக்கொண்டும் இருக்கிறது. கவுன்சில் பூங்காக்களின் நிலையைப் பாருங்கள். முதியோர் பராமரிப்புக்கும் பள்ளிக்கும் பணம் போதாதபோது முதலில் கை வைப்பது பூங்காக் கணக்கில்தான். லெவியில் வரும் பணத்தை வேறெதற்கும் திருப்ப முடியாது. எனக்கு இதைவிட நல்ல ஏற்பாடு தோன்றவில்லை. சிலருக்குத் தோன்றலாம்.

லெவி கட்டாத நாங்கள் போகலாமா?

தாராளமாக. நடக்கவும் ஓடவும் உட்காரவும் யாருக்கும் தடையில்லை. வாக்கு மட்டும்தான் இல்லை.

வாடகை வீட்டில் இருக்கிறேன். எனக்கு வாக்கு உண்டா?

வீட்டுச் சொந்தக்காரர் யார் என்பதல்ல, லெவி யார் பெயரில் வருகிறது என்பதுதான் விஷயம். லெவிப் பகுதிக்குள் கவுன்சில் வரி உங்கள் பெயரில் வந்தால் நீங்கள் லெவி செலுத்துபவர். தேர்தல் சமயத்தில் வரும் உறையை விளம்பரம் என்று நினைத்துக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். நாடாளுமன்றத் தேர்தலில் ஒரு வாக்கு கடலில் கரைத்த பெருங்காயம். இங்கே அப்படியில்லை, போட்டியிடுகிறவர்கள் உங்கள் தெருவில் நாயோடு நடப்பவர்கள். நேரில் பிடித்துக் கேள்வி கேட்கலாம். நம்மவர்கள் இதில் கொஞ்சம் அசட்டையாக இருக்கிறோம். கோயில் நிர்வாகசபைத் தேர்தலுக்குக் காட்டுகிற உற்சாகத்தில் கால்வாசி போதும்.

கன்சர்வேட்டர்களுக்குச் சம்பளமா?

கிடையாது. அவர்கள் தொண்டு நிறுவனத்தின் அறங்காவலர்கள். சம்பளம் வாங்கும் ஊழியர்கள் வேறு: நிர்வாகி, அலுவலகத்தார், பராமரிப்புக் குழு, கீப்பர்கள் எனப்படும் காவலர்கள். கீப்பர்கள் குதிரையிலும் ரோந்து போவார்கள். குழந்தைகளுக்கு அதைப் பார்ப்பதே ஒரு திருவிழா. கேட்டுவிட்டுத் தொடுங்கள், குதிரை வேலையில் இருக்கிறது.

இயற்கையைக் காக்கிறோம் என்கிறார்கள், ஆனால் ஒவ்வொரு குளிர்காலமும் மரத்தை வெட்டுகிறார்களே?

அதிகம் பேர் கோபத்தோடு கேட்பது இதைத்தான். கோபம் புரிகிறது. மரம் வெட்டுவது பாவம் என்று வளர்ந்தவர்கள் நாம்.

இந்த மண் சரளையும் மணலும் கலந்த, புளிப்பேறிய, சத்தில்லாத மண். அதில் இயல்பாக வருவது ஹெதர் என்ற குட்டைப் புதர். ஆகஸ்டில் ஊதாப் பூவாகப் பூத்துக் கிடக்குமே, அதுதான். கூடவே மஞ்சள் பூப்பூக்கும் முள்செடி கோர்ஸ். ஹீத் எனப்படும் இந்தப் புதர்வெளி தானாக நின்றதில்லை. மாடுகள் மேய்ந்தன, ஏழைகள் அடுப்புக்குக் கோர்ஸ் வெட்டினார்கள், மண்கட்டி பெயர்த்து எரித்தார்கள். ஒரு மரக்கன்றுக்கும் தலையெடுக்க நேரமில்லை. மேய்ச்சல் நின்றது, நிலக்கரி வந்தது, அவ்வளவுதான்: பிர்ச் மரம் படையெடுத்தது. ஒரு பிர்ச் மரம் காற்றில் விடும் விதைக்குக் கணக்கில்லை. அப்படியே விட்டால் பத்துப் பதினைந்து வருடத்தில் புதர்வெளி நிழலடித்துச் செத்து, சாதாரணக் காடாகிவிடும். காடு இங்கே நிறைய இருக்கிறது. புதர்வெளியோ 1800-க்குப் பிறகு பிரிட்டனில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் அழிந்துபோயிற்று.

ஆகவே மாடு செய்த வேலையை மனிதர்கள் செய்கிறார்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் அது ரம்பம் பிடித்த வேலையே இல்லை. ஈரமான நவம்பர் காலையில் வரிசையாக நின்று, முழங்கால் உயரப் பிர்ச் கன்றின் அடியைக் கையுறையோடு பிடித்து, சற்றே முறுக்கி, செங்குத்தாக இழுக்க வேண்டும். வேர் முழுதாக வந்தால் அதன் கதை முடிந்தது. பாதியில் அறுந்தால் அடுத்த வருடம் ஒன்றுக்கு நாலாக அதே இடத்தில் தழைத்து நிற்கும். பெரியதை வெட்டத்தான் வேண்டும், வெட்டினாலும் அடியிலிருந்து துளிர்க்கும். ஹெதர் வேரில் மிதிக்காமல் கால் வைப்பது தனி வித்தை.

பறவைகள் கூடு கட்டும் காலம் தொடங்குமுன் இந்த வேலையை நிறுத்திவிடுவார்கள். அதனால்தான் எல்லா வெட்டும் குளிர்காலத்தில் கண்ணில் படுகிறது. இந்தக் காமனின் பெரும்பகுதி அறிவியல் முக்கியத்துவம் வாய்ந்த இடமாகச் சட்டப் பாதுகாப்பில் உள்ளது. புதர்வெளியை அழிய விடுவது அந்தப் பொறுப்பைக் கைவிடுவதாகும்.

விழுந்த மரங்களை ஏன் அப்படியே போட்டுவைக்கிறார்கள்? விறகுக்கு எடுத்துக்கொள்ளலாமா?

எடுக்கக் கூடாது. அந்தக் கட்டைகள் சோம்பேறித்தனத்தால் கிடக்கவில்லை. பிரிட்டனின் மிகப் பெரிய வண்டுகளில் ஒன்றான ஸ்டாக் பீட்டிலின் புழுக்கள் அதற்குள்ளும் அடியிலும் இருக்கின்றன. ஆண் வண்டுக்குக் கலைமான் கொம்பு போலத் தாடை. நீளம் ஏழு சென்டிமீட்டரைத் தாண்டும். புழு மண்ணுக்கடியில் மக்கிய மரத்தைத் தின்று மூன்றிலிருந்து ஏழு வருடம் வரை கிடக்கும். பிறகு மே மாத வாக்கில் வெளியே வந்து, சில வாரம் பறந்து, இணை தேடி, செத்துவிடும். விம்பிள்டன் காமனுக்கு ஐரோப்பிய அளவிலான சிறப்புப் பாதுகாப்பு கிடைத்ததற்கு இந்த வண்டு ஒரு முக்கியக் காரணம். அடுப்புக்கு என்று தூக்கிப் போகும் ஒரு கட்டையில் ஆறு வருட வாழ்க்கை இருக்கலாம்.

கோடைச் சாயங்காலங்களில் தாறுமாறாகப் பறந்து வந்து மோதும். பயப்பட வேண்டாம். அந்தத் தாடை சக ஆண் வண்டுகளோடு மல்லுக்கட்டத்தான். மல்லாந்து கிடந்தால் மெல்லத் திருப்பி ஓரமாக விட்டுவிடுங்கள்.

கீரை, காளான், பூ?

காளான், பூ, செடி எதுவும் பறிக்கக் கூடாது. ஒரு குடும்பம் ஒரு பை எடுத்தால் என்ன ஆகிவிடும் என்று கேட்பீர்கள். லண்டனில் எத்தனை குடும்பம்?

குடும்பமாகப் போய் அடுப்பு மூட்டிச் சமைக்கலாமா? பார்பிக்யூ?

கூடாது. தைப்பொங்கலாக இருந்தாலும் கூடாது. கோர்ஸ் பச்சையாக இருக்கும்போதே பற்றி எரியும் செடி. 2022 கோடை வெயிலில் லண்டனைச் சுற்றிப் புல்வெளிகள் எப்படி எரிந்தன என்பதைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சமைத்து எடுத்துப் போய்ப் புல்லில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். புளிச்சோறு ஆறினால்தான் ருசி.

நாய், சைக்கிள், குதிரை?

நாயை அழைத்துப் போகலாம். தரையில் கூடு கட்டும் பறவைகள் உள்ள பகுதிகளில் இனப்பெருக்கக் காலத்தில் கயிற்றில் பிடிக்கச் சொல்லிப் பலகை இருக்கும், மதியுங்கள். சைக்கிளுக்கும் குதிரைக்கும் குறிக்கப்பட்ட பாதைகள் உண்டு. அந்தப் பாதைகளுக்கு வெளியே சைக்கிள் ஓட்டினால் கீப்பர் நிறுத்துவார்.

சிலர் சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு திரிகிறார்களே, ஏதாவது கட்சியா?

கோல்ஃப் ஆடுகிறவர்கள். 1865-ல் லண்டன் ஸ்காட்டிஷ் என்ற தன்னார்வப் படையினர் தொடங்கிய ஆட்டம் இது. மைதானத்துக்கு வேலி போட முடியாது, காமனாயிற்றே. அதனால் நடப்பவர்கள் தூரத்திலிருந்தே பார்த்து ஒதுங்கிக்கொள்ள ஆடுபவர் கட்டாயம் சிவப்பு மேலாடை அணிய வேண்டும். சிவப்பு கண்ணில் பட்டால் ஒரு நிமிடம் நின்று பந்து போன பிறகு கடந்து போங்கள்.

ஓடுகிறவர்கள் இவர்களுக்கும் மூத்த குடி போல நடந்துகொள்வார்கள். 1868-ல் தொடங்கிய தேம்ஸ் ஹேர் அண்ட் ஹவுண்ட்ஸ் உலகின் மிகப் பழைய கிராஸ் கன்ட்ரி ஓட்டக் கழகம், இந்தக் காமனில் ஓடத் தொடங்கியதுதான். சனிக்கிழமை காலை எல்லோரும் சேர்ந்து ஓடும் பார்க்ரன் 2007-ல் இங்கே வந்தது. புஷி பார்க்குக்கு அடுத்து இரண்டாவது.

அந்தக் காற்றாலை இன்னும் மாவு அரைக்கிறதா?

இல்லை, 1864-லேயே நின்றுவிட்டது. 1817-ல் ரோஹாம்டனைச் சேர்ந்த தச்சர் சார்ல்ஸ் மார்ச் கட்டியது. நிலத்தைக் குத்தகைக்குக் கொடுத்தபோது ஒரு நிபந்தனை விதித்தார்கள்: சுற்றுவட்டாரத்தாரின் வசதிக்காகப் பொது மாவு ஆலை ஒன்றைக் கட்டி நடத்த வேண்டும். வீட்டுத் தேவைக்குக் கொஞ்சமாக அரைத்துக்கொள்ள ஊராருக்கு இடம் வேண்டியிருந்தது. ஸ்பென்சரின் மாளிகைத் திட்டம் வந்தபோது ஆலை அவர் கைக்குப் போய், உள்ளிருந்த இயந்திரங்கள் அகற்றப்பட்டன. இடிபடாமல் தப்பியது, பிறகு ஆறு குடும்பங்கள் அதில் குடியிருந்தன. 1976 முதல் அருங்காட்சியகம். தனி அறக்கட்டளை நடத்துகிறது, தன்னார்வலர்கள்தான் வரவேற்பார்கள். குழந்தைகள் கையால் தானியம் அரைத்துப் பார்க்கலாம், நம் திருகைதான்.

பக்கத்து மில் ஹவுஸில்தான் பேடன் பவல் சாரணர் இயக்கத்தின் கையேட்டில் ஒரு பகுதியை எழுதினார்.

இங்கே சண்டை போட்டுச் செத்தார்கள் என்கிறார்களே?

துப்பாக்கியால் ஒண்டிக்கு ஒண்டி. சுட்டார்கள், ஆனால் நான் கீழே சொல்லும் பெரிய மனிதர்கள் சாகவில்லை. 1798 மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரதமர் வில்லியம் பிட், எதிர்க்கட்சி உறுப்பினர் ஜார்ஜ் டியர்னியோடு பட்னி ஹீத்தில் மோதினார். இருவருக்கும் காயமில்லை. 1809-ல் அதே இடத்தில் போர் அமைச்சர் காசல்ரே, வெளியுறவு அமைச்சர் கானிங்கின் தொடையில் சுட்டார். ஒரே அமைச்சரவையில் இருந்தவர்கள்! 1840-ல் கார்டிகன் பிரபு ஒரு கேப்டனைச் சுட்டுக் காயப்படுத்தியதைக் காற்றாலைக்காரர் பார்த்துவிட்டார். அவர் அந்த வட்டாரக் கான்ஸ்டபிளும்கூட, அங்கேயே பிடித்தார். பிரபுக்கள் சபை விசாரித்து விடுதலை செய்தது. அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

துப்பாக்கிச் சுடும் தேசியச் சங்கத்தின் போட்டி 1860-ல் இங்கே தொடங்கியது, முதல் குண்டைச் சுட்டவர் விக்டோரியா மகாராணி. சுற்றிலும் வீடுகள் பெருகியதும் 1890-ல் பிஸ்லிக்கு மாறியது.

சீசர்ஸ் கேம்ப் ஜூலியஸ் சீசர் கட்டியதா?

இல்லை, அவர் காலத்துக்கு முற்பட்ட இரும்புக் காலக் கோட்டை அது. அகழியும் மண்மதிலும் வட்டமாக இருந்தன. பொதுநிலத்துக்கு வெளியே தனியார் நிலத்தில் அமைந்துவிட்டதால் 1871 சட்டம் அதைத் தொடவில்லை. சில ஆண்டுகளுக்குள், 1870-களிலேயே, வீடு கட்டுவதற்காக மதிலைச் சரித்து அகழியை நிரப்பினார்கள், ஓக் மரங்களை வெட்டினார்கள். இன்று கோல்ஃப் மைதானத்துக்கு நடுவே ஒரு பொதுப் பாதையில் நடக்கும்போது தரை லேசாக ஏறி இறங்கும், அதுதான் மிச்சம். ஈராயிரம் வருடம் நின்றது, எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்ததால் போயிற்று.

சட்டம் இருந்தும் நிலம் பறிபோனதுண்டா?

உண்டு. ஏ3 சாலையும் டிபெட்ஸ் கார்னர் சந்திப்பும் விம்பிள்டன் காமனையும் பட்னி ஹீத்தையும் இரண்டாகப் பிரிப்பதை வரைபடத்தில் பார்க்கலாம். நெடுஞ்சாலைக்கு முன் ஊர்ச் சட்டம் நிற்பது கஷ்டம். நிலம் சேர்ந்ததும் உண்டு: பெவர்லி புருக் ஓடைப் பக்கம் உள்ள ரிச்சர்ட்சன் எவன்ஸ் மைதானங்கள் முதல் உலகப் போரில் இறந்தவர்களின் நினைவாக வாங்கிச் சேர்க்கப்பட்டவை.

இப்போதெல்லாம் ஆபத்து நிலத்தைப் பிடுங்குவதில் இல்லை, வழியுரிமையில்தான். காமன் ஓரத்து மனையில் ஏதாவது கட்டினால் அங்கே கார் போகக் காமன் மீது பாதை வேண்டும். அப்படிப்பட்ட வழியுரிமையைக் கன்சர்வேட்டர்கள் கொடுக்க 1871 சட்டம் இடம் தருகிறதா என்ற வழக்கு அப்பீல் நீதிமன்றம் வரை போனது. இடம் தருகிறது என்று 2008-ல் தீர்ப்பானது. 1999-ல் மூடப்பட்ட பட்னி மருத்துவமனையின் மனையில் பள்ளியும் குடியிருப்பும் கட்ட முடிவானபோதும் இதே பாதைப் பிரச்சினைதான் ஊரைப் பிரித்தது. பள்ளி வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. பாதையைக் கொடுக்கலாமா, கொடுத்தால் என்ன விலைக்கு என்பதுதான் சண்டை. கன்சர்வேட்டர் தேர்தலில் வேட்பாளரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்க முடியுமென்றால் நான் வழியுரிமையைப் பற்றிக் கேட்பேன்.

பணத்துக்கு வேறு வழி?

வீட்டு வாடகை, விளையாட்டு மைதானக் கட்டணம், நன்கொடை, உயில்கள். பிரிட்டனில் வருமான வரி கட்டுபவர் நன்கொடை கொடுத்தால் கிஃப்ட் எயிட் படிவத்தில் டிக் செய்யுங்கள், ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசு 25 பென்ஸ் சேர்க்கும். லெவிக்கு அது பொருந்தாது, அது வரி.

ஓக் மரத்தில் பட்டுக்கூடு போல ஏதோ தொங்குகிறது. தொடலாமா?

தொடாதீர்கள், குழந்தைகளையும் விடாதீர்கள். ஓக் ஊர்வலப் புழுவின் கூடு. 2006-ல் லண்டனில் முதன்முதலாகத் தென்பட்டது. புழுவின் நுண்ணிய முடி தோலில் பட்டால் அரிப்பும் தடிப்பும் வரும், ஆஸ்துமாக்காரர்களுக்கு மூச்சுத் திணறலும் வரலாம். புழு போன பிறகும் கூட்டில் முடி இருக்கும். இடத்தைக் குறித்துக்கொண்டு அலுவலகத்துக்குச் சொல்லுங்கள்.

தன்னார்வலராகச் சேர என்ன தகுதி வேண்டும்?

ஒன்றும் வேண்டாம். பழைய உடுப்பு, தண்ணீர் புகாத பூட்ஸ், ஒரு ஃபிளாஸ்க் தேநீர். கத்தரியும் ரம்பமும் கையுறையும் அங்கே தருவார்கள், எப்படிப் பிடிப்பது என்றும் காட்டுவார்கள். குனிய முடியாதவர்கள் குப்பை பொறுக்கும் இடுக்கி வாங்கிக்கொள்ளலாம், அருங்காட்சியகத்தில் நிற்கலாம். வெட்டுக் குழுவில் பெரும்பாலும் ஓய்வு பெற்ற வெள்ளைக்காரர்கள்தான். நம்மவர்கள் போனால் முதல் நாள் கொஞ்சம் தனியாகத் தெரியும், தேநீர் இடைவேளையோடு அது சரியாகிவிடும். பிஸ்கட் பகிர்கிற பழக்கம் உண்டு; முறுக்கு கொண்டு போனால் உங்கள் பெயரை யாரும் மறக்க மாட்டார்கள்.

யாரைத் தொடர்பு கொள்வது?

காற்றாலைக்குப் பக்கத்தில் உள்ள ரேஞ்சர்ஸ் அலுவலகம். வார நாளில் நேரே போகலாம், வண்டி நிறுத்த இடம் இருக்கிறது. தீ, உடைந்த கிளை, அடிபட்ட விலங்கு என்றால் வழியில் காணும் கீப்பரிடமே சொல்லிவிடுங்கள். தீ பெரிதாகத் தெரிந்தால் முதலில் 999.